இரவல் நியூட்ரல்

எங்கள் வீட்டுக் கரண்டைப் பிரித்துவிடும் டிபி பெட்டியைச் சீராக்கி மூன்று மாதமாகிறது. அதற்குள் நான்கு தடவை மெயினை நிறுத்தி, முன்மூடியின் திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டேன். கோளாறு ஒன்றுமில்லை. மேலிருந்து இறங்கும் வயர்கள் ஒன்றையொன்று தாண்டாமல் வந்து, ஒரே அளவில் வளைந்து, தத்தம் பிரேக்கருக்குள் போய் நிற்கின்றன. மண்ணிறம் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம், பச்சையில் மஞ்சள் கோடு போட்ட எர்த் வயர் ஓரமாக. ஒவ்வொன்றின் கழுத்திலும் சிறிய இலக்க வளையம். காலைக் கூட்டத்தில் நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிற்கின்றன. வேலை செய்த தம்பி அதைத் தன் போனில் படமெடுத்துக்கொண்டு போனார். நல்ல வேலை, குறை சொல்ல முடியாது. ஆனாலும் மூடியைத் திரும்பப் பூட்டும் ஒவ்வொரு தடவையும், அந்தப் பழைய குழப்பத்தை ஒழுங்காக ஒருமுறை பார்த்து வைக்காமலேயே கழற்ற விட்டுவிட்டேன் என்ற எண்ணம் வருகிறது. வந்தால் அன்று முழுக்கப் போவதில்லை.

பழைய பெட்டியின் மூடியை எடுத்ததும் முதலில் வந்தது மணம்தான். சூடேறி ஆறி, திரும்பச் சூடேறின பிளாஸ்டிக்கின் மணம். அதோடு பல்லி எச்சமும் நாட்பட்ட புழுதியும். எங்கள் ஊரான திரியாயில் வளவிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது, இரும்பைப் பார்த்தால் தெரியும். வாடைக்காற்று தொடங்கினால் ஜன்னல் கொக்கி, கதவுப் பிணைச்சல், சைக்கிள் கம்பி எல்லாம் மார்கழி முடிவதற்குள் துருப்பூத்துவிடும். செம்பு துருப்பிடிக்காது, பச்சை பூக்கும். எர்த் பாரின் திருகாணிகளைச் சுற்றி அந்தப் பச்சைத் தூள் தட்டத்தில் காய்ந்துபோன சுண்ணாம்பு போலப் படிந்திருந்தது. பைப் வந்து இறங்கும் வாயைக் குளவி மண்ணால் பூசி அடைத்திருந்தது. நியூட்ரல் பாருக்குப் பின்னால் ஒரு பல்லி நான்கு காலும் விரித்தபடி கடதாசியாகக் காய்ந்து கிடந்தது. ஆறு பிரேக்கருக்கென்று செய்த பெட்டி அது. அதற்குள் பதினொரு உயிர்வயர்கள். சில வாய்க்குள் இரண்டு, ஒன்றுக்குள் மூன்று. தடித்த வயரையும் மெல்லிய வயரையும் ஒரே திருகாணிக்குக் கொடுத்தால் அது தடித்ததைத்தான் பிடிக்கும். மெல்லியது பிடிபட்டது போல நிற்கும், அவ்வளவுதான். நெரிசல் பார்க்கிறவர்களுக்குத்தான் பயம் தருகிறது. உண்மையில் வீட்டை எரிப்பது தளர்ந்த பிடி. தளர்ந்த இடத்தில் தடை கூடும், தடை கூடின இடம் சூடாகும், சூட்டில் விரிந்த உலோகம் ஆறும்போது சுருங்கி இன்னும் தளரும். இது சத்தமில்லாமல் வருடக்கணக்கில் நடக்கும். மூன்றாவது பிரேக்கரின் வாய் அப்படித்தான் சாயம் கூடின தேநீரின் நிறத்தில் கருகியிருந்தது. அது குசினி பிளக் லைன். பிரிட்ஜ், கேத்தல், மா அரைக்கிற மெசின் எல்லாம் அதில். அந்தப் பெட்டிக்குக் கீழேதான் நாங்கள் நெல்மூட்டை அடுக்கி வைத்திருந்தோம்.

அந்த நெரிசல் ஒரே நாளில் வந்ததல்ல. 1985இல் இந்த ஊர் எரிந்தது. நாங்கள் போனோம், ஊரே போனது. திருகோணமலை நகரம், வவுனியா, கடல் தாண்டித் தமிழ்நாடு என்று ஆளுக்கொரு திசை. 2002இல் போர்நிறுத்தம் வந்தபோது ஐயா தனியாக ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போனார். வீடு நின்ற இடத்தில் அத்திவாரமும் கிணறும் மட்டும் இருந்தன. அத்திவாரத்துக்குள் ஒரு வேம்பு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. ஊருக்குத் திரும்பியபோது கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, அதன் பக்கத்தில் முதலில் ஒரு தகரக் கொட்டில் போட்டார். பிறகு ஓர் அறை. பிறகு குசினி. எங்கள் பக்கத்துக்குக் கம்பம் வந்து கரண்ட் தந்தபோது வீட்டில் இரண்டு அறையும் விறாந்தையும்தான். மூன்று லைட், இரண்டு பிளக். அதற்கு அந்தப் பெட்டி தாராளம். பிறகு வந்ததெல்லாம் ஒவ்வொரு காரணத்தோடு வந்தது. அக்காவின் கலியாணத்துக்குப் பின்வளவுப் பந்தலுக்கு என்று இழுத்த லைன், கலியாணம் முடிந்தும் கழற்றப்படவில்லை. கிணற்றுக்கு மோட்டர். கனடாவிலிருந்து சித்தப்பா குடும்பத்தோடு வந்து ஒரு மாதம் நிற்கப் போகிறார் என்று ஓர் அறைக்கு ஏசி. என் மகளுக்குப் படிக்கிற மேசையடியில் ஒரு பிளக். உருண்டைப் பின் ஐந்து அம்பியர், உருண்டைப் பின் பதினைந்து அம்பியர், சதுரப் பின் பதின்மூன்று அம்பியர் என்று மூன்று வகையும் எங்கள் வீட்டில் இருந்தன. சதுரப் பின் ஒன்றைத்தான் இந்த நாட்டின் தரமாக வைத்துக்கொள்வது என்று அரசாங்கம் முடிவெடுத்ததற்கு ஐயாவின் சுவர்கள் காத்திருக்கவில்லை.

தம்பி பழைய வயர்களை ஒவ்வொன்றாக உருவி நிலத்தில் போட்டபோது தடிப்பைப் பார்த்தே பெயர் சொன்னார். 1/1.13 என்றால் 1.13 மில்லிமீற்றர் விட்டத்தில் ஒற்றைக் கம்பி, லைட்டுக்கு. 7/0.67 என்றால் 0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழைச் சேர்த்து முறுக்கியது, பிளக்குக்கு. 7/1.04 மீற்றரிலிருந்து பெட்டிக்கு வருவது. நடுவில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது 3/029, அண்ணை. அங்குலக் காலத்து வயர். இது எப்பிடி இஞ்ச வந்தது?" எனக்குத் தெரியும். நாங்கள் திருகோணமலையில் வாடகைக்கு இருந்த பழைய வீட்டைத் திருத்தியபோது கழற்றி எறிந்த வயரை ஐயா சுருட்டி எடுத்து வைத்திருந்தார். ஊருக்குத் திரும்பினால் உதவும் என்று. ஊருக்குத் திரும்புவோமா என்றே எவருக்கும் தெரியாத காலம் அது. அதன் தலையை ஐயா பேனாக்கத்தியால் உரித்து, மூன்று இழையையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து முறுக்குவது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அம்மா சாமியறையில் இருந்து திரி முறுக்குவதும் அதே விரலசைவுதான். எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் அந்தத் திரி காதில் விழும்.

நிறங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பெட்டியில் என்னை உண்மையாகவே அச்சப்படுத்தியது அதுதான். பழைய வழக்கத்தில் சிவப்பு உயிர், கறுப்பு நியூட்ரல். பிரித்தானியா 2004இல் ஐரோப்பாவோடு ஒத்துப்போக நிறங்களை மாற்றியது. எங்கள் கடைகளிலும் இப்போது மண்ணிறமும் நீலமும்தான். மாறினதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மூன்று பேஸ் வைத்த இடங்களில் பழைய கணக்கில் நீலம் ஓர் உயிர்வயர். புதிய கணக்கில் அதே நீலம் நியூட்ரல். பழைய கணக்கில் கறுப்பு நியூட்ரல். புதிய கணக்கில் கறுப்பு உயிர். ஒரே நிறம், ஒரே சுவர், எதிர்ப்பொருள். இரண்டு காலத்து வயரும் கலந்து கிடக்கிற பெட்டியைத் திறக்கிறவன் எந்தக் காலத்தை நம்பிக் கை வைப்பது? எங்கள் வீடு ஒற்றைப் பேஸ் என்பதால் அந்தக் குழப்பம் முழுதாக வரவில்லை. ஆனால் எங்கள் பெட்டியில் கறுப்பு எல்லாம் நியூட்ரலும் அல்ல. ஐயாவிடம் ஒரு சுருள் கறுப்பு வயர் இருந்திருக்கிறது. உயிருக்கும் அதையே இழுத்து, தலையில் சிவப்பு டேப் ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறார். எங்கள் வெக்கையில் டேப்பின் பசை இளகி, டேப் அவிழ்ந்து பெட்டியின் அடியில் சுருண்டு கிடந்தது. அடையாளம் விழுந்துவிட்டது, வயர் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டு நின்றது.

புதுப்பெட்டி பன்னிரண்டு வாய். தம்பி அதில் ஒரு ட்ரிப் சுவிச்சுக்குப் பதிலாக இரண்டு வைத்தார். லைட்டும் பேனும் ஒன்றின் கீழ், பிளக்குகளும் மோட்டரும் மற்றதன் கீழ். "ராவில பிரிட்ஜில ஏதும் லீக் எண்டா வீடு முழுக்க இருட்டாகக் கூடாது" என்றார். நியாயமான பேச்சு. பின்னேரம் நான்கு மணிக்குள் எல்லாச் சுவிச்சையும் போட்டுப் பார்த்து, தேத்தண்ணி குடித்து, காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு சுவிச்சை எவரும் நினைக்கவில்லை. குசினிக்கு வெளிச்சுவரில், மழைத்தண்ணி படாமலிருக்க யோகட் கோப்பையொன்றைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த கிணற்றடி லைட்டின் சுவிச். பகலில் அதற்கு வேலை இல்லை. பொழுதுபட்டதும் அம்மா வழக்கம்போலப் போய் அதைப் போட்டா. பெட்டியில் டக்கென்று ஒரு சத்தம். அறை, விறாந்தை, சாமியறை எல்லாம் இருட்டு. தூக்கிவிட்டோம். அம்மா திரும்பச் சுவிச்சைப் போட்டா, திரும்ப விழுந்தது. மூன்றாம் தரம் இரண்டு ட்ரிப் சுவிச்சும் சேர்ந்து விழுந்தன. ஒன்பது வாட் பல்பு ஒன்றுக்காக ஒரு வீடு இருண்டு நின்றது. போன் வெளிச்சத்தில் நான் அந்த அழகான பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க, அம்மா பின்னால் நின்று சொன்னா: "முந்தி நல்லாத்தானே எரிஞ்சது."

அந்த வசனம்தான் இத்தனை நாளும் என்னோடு இருப்பது. அதில் பொய் இல்லை. முந்தி நன்றாகத்தான் எரிந்தது. பதினொரு வயரும் பின்னிக் கிடந்த பெட்டியில், கருகின வாயோடு, பல்லிச் சடலத்தோடு, ஒவ்வொரு பொழுதுபட்டதும் கிணற்றடி வெளித்தது. ஒழுங்கு வந்த அன்றைக்குத்தான் இருட்டு வந்தது. அடுத்தநாள் காலை தம்பி வந்து காரணத்தைச் சொல்லும்வரை எனக்கும் உள்ளுக்குள் அம்மாவின் பக்கம்தான் நியாயம் தெரிந்தது.

ட்ரிப் சுவிச்சுக்குள் இருப்பது ஒரு கணக்கு. வீட்டுக்குள் போகும் கரண்டும் வீட்டிலிருந்து திரும்பும் கரண்டும் அதற்குள் ஒரே வளையத்தின் ஊடாகப் போகின்றன. இரண்டும் சமனென்றால் போவதின் காந்தத்தை வருவதின் காந்தம் அழித்துவிடும். வளையம் பேசாமல் இருக்கும். போனதில் ஒரு பங்கு திரும்பவில்லை என்றால், ஈரச்சுவரால் இறங்கியோ ஒரு ஆளின் உடம்பால் இறங்கியோ நிலத்துக்குப் போய்விட்டது என்றால், அந்தக் குறைவு வளையத்தில் காந்தமாக எழும்பி, அது ஒரு சுருளில் கரண்டாகி, பிடித்து வைத்திருந்த வில்லைத் தட்டிவிடும். வீடுகளுக்கு வைப்பது 30 மில்லி அம்பியர். ஒரு அம்பியரின் நூற்றில் மூன்று பங்கு. அவ்வளவு குறைந்தால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எல்லாவற்றையும் அறுத்துவிடும். எங்கே போனது, ஏன் போனது என்று அது பார்ப்பதில்லை. போனதில் எவ்வளவு திரும்பவில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். தம்பி இதை ஒரு கடதாசியில் வட்டம் போட்டு எங்களுக்கு விளங்கப்படுத்தினார். அம்மா குசினி வாசற்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தா. "போனதெல்லாம் திரும்பி வரவேணும் எண்டா அது நடக்கிற காரியமே தம்பி" என்றா. கரண்டைத்தான் சொன்னாவா என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் அத்திவாரமும் கிணறும் இருக்கின்றன, வீடு இல்லை. அதற்கு அடுத்ததில் கிணறு மட்டும். வேலி போடாத வளவுக்குள் மாடு மேய்கிறது. அந்த வளவுக்காரரின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியுமோ தெரியாது. பனங்காய் விழுகிற சத்தம் மட்டும் இன்னும் அங்கேயிருந்து கேட்கிறது. ஒரு ஊரை 30 மில்லி அம்பியர் கணக்கில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஒரு விளக்கும் எரியாது.

காரணம் இதுதான். ஐயா கிணற்றடி லைட்டுக்கு உயிர்வயரை விறாந்தை லைட்டிலிருந்து எடுத்திருக்கிறார். நியூட்ரலை அங்கேயிருந்து கொண்டுவர வயர் காணவில்லை. குசினிச் சுவரில், ஒன்றரை முழம் தள்ளி, ஒரு பிளக் இருந்தது. அதன் நியூட்ரலில் கொளுவிவிட்டார். போவது லைட் லைனால், வருவது பிளக் லைனால். தம்பி குசினி பிளக்கைக் கழற்றிச் சுவரிலிருந்து வெளியே இழுத்தபோது அதன் பின்னால் மூன்று வயருக்குப் பதிலாக நான்கு வந்தன. நான்காவது அந்தக் கறுப்புச் சுருளின் மிச்சம். "இரவல் நியூட்ரல், அண்ணை" என்றார் தம்பி. தொழிலில் அப்படித்தான் சொல்வார்களா, அவராகச் சொன்னாரா என்று நான் விசாரிக்கவில்லை. சொல் அப்படியே மனதில் உட்கார்ந்துவிட்டது. வீடு முழுவதற்கும் ஒரே ட்ரிப் சுவிச் இருந்தவரை இது வெளியே வரவில்லை. எந்த லைனால் போனாலும் எந்த லைனால் வந்தாலும் மொத்தக் கணக்குச் சரியாக இருந்தது. கூட்டுக் குடும்பத்தில் யார் காசு எங்கே போனது என்று எவரும் பார்ப்பதில்லை அல்லவா, அப்படி. கணக்கை இரண்டாகப் பிரித்தவுடன்தான் ஒரு பக்கம் போனது திரும்பவில்லை என்றது. மறு பக்கம் போகாதது வருகிறது என்றது. இரண்டும் சொன்னது உண்மை.

இதுவரை சொன்னதைக் கேட்டால் ஐயாவின் சிக்கனமும் கைவண்ணமும் என்று தோன்றும். எனக்கும் சில மணித்தியாலம் அப்படித்தான் தோன்றியது. பெருமையாகக்கூட இருந்தது. பிறகு தம்பி இன்னொன்றைச் சொன்னார், கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டே, பெரிதாக ஒன்றுமில்லை என்பதுபோல. குசினி பிரேக்கரை நிறுத்திவிட்டு ஒருவர் அந்தப் பிளக்கைக் கழற்றுகிறார் என்று வையுங்கள். அவர் மனதில் அந்தப் பிளக் செத்துவிட்டது. ஆனால் கிணற்றடி லைட் எரிந்துகொண்டிருந்தால் அதன் கரண்ட் திரும்பிப் போகும் பாதை அந்தப் பிளக்கின் நியூட்ரல். அதைக் கழற்றி இரண்டாகப் பிரித்த கணத்தில், பல்பின் ஊடாக வந்த முழு 230 வோல்ட்டும் கையிலிருக்கிற அந்தக் கறுப்புத் தலையில் வந்து நிற்கும். கேட்டதும் எனக்கு வலது கையின் பெருவிரல் குளிர்ந்தது. ஐயா இருந்த காலத்தில் ஒருநாள் அந்தப் பிளக்கை மாற்றியது நான்தான். பிரேக்கரை நிறுத்தி, டெஸ்டரால் உயிரைத் தொட்டுப் பார்த்து, பல்பு எரியவில்லை என்று உறுதிப்படுத்தித்தான் கை வைத்தேன். பொழுதுபடுகிற நேரம், அம்மா கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தா. கறுப்பு வயர்களைப் பிரித்து எடுத்ததும் கை முழங்கைவரை உதறியது. மெயினில் ட்ரிப் சுவிச் விழுந்தது. கிணற்றடியிலிருந்து "என்ன, கரண்ட் போட்டுதோ" என்று அம்மாவின் குரல். ஐயா என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்து, "ஈரக்கையோட செய்தனியோ" என்று ஏசினார். ஈரம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வேறு காரணமும் தெரியவில்லை. ஈரம் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஐயாவுக்கு அப்போது தெரிந்திருந்ததா? தான் கொளுவிய வயர் அவருக்கு நினைவு வந்ததா, வந்து சொல்லாமல் விட்டாரா, அல்லது அவருக்கும் அது ஈரக்கைதானா? கேட்க ஆளில்லை. அன்று என்னைக் காப்பாற்றியது அந்த நெரிசல் பெட்டியில் இருந்த அந்த ஒற்றை ட்ரிப் சுவிச். அதையும் வைத்தது ஐயாதான்.

ஆகவே எனக்கு இந்த வயரை வைத்து ஒரு பக்கமாகப் பேச முடியவில்லை. இருட்டில் கிணற்றடிக்குப் போகிற அம்மா பாம்பை மிதிக்கக் கூடாது என்று இழுத்த வயர் அது. இருந்த வயர் காணாமல், வாங்கக் காசில்லாமல், ஆனாலும் இன்றைக்கே வெளிச்சம் வேண்டும் என்று கொளுவியது. அதே வயர், அதே கொளுவல், மகனின் கையில் 230 வோல்ட்டை வைத்தது. இதில் பாசத்தைத் தனியாகவும் ஆபத்தைத் தனியாகவும் உரித்தெடுக்கலாம் என்றால் நான் எப்போதோ நிம்மதியாகியிருப்பேன். மீண்டு வந்த ஊர்களில் இப்படிக் கொளுவி எழும்பின வீடுகள் எத்தனை என்று நினைத்துப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் விளக்கு எரிகிறது. எரிகிறது என்பதால் எவரும் சுவருக்குள் பார்ப்பதில்லை. பார்க்கச் சொன்னால், முந்தி நல்லாத்தானே எரிஞ்சது என்பார்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமையும் இருக்கிறது. ஆனாலும் பார்க்க வேண்டும். இதை நான் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டில் போய்ச் சொல்லியும் விட்டேன். ஒரு வீட்டில் பெட்டிக்குக் கீழே நெல்மூட்டை இருந்தது. அதை மட்டும் தள்ளி வைத்துவிட்டு வந்தேன்.

சீராக்குவது என்றால் என்ன என்பதிலும் எனக்கு முன்பிருந்த எண்ணம் போய்விட்டது. வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து கேபிள் டையால் இறுக்கினால் அழகாக இருக்கும் என்றுதான் நான் கேட்டேன். தம்பி மாட்டேன் என்றார். நிறைய வயர்களை நெருக்கி இறுக்கினால் நடுவில் இருப்பதன் சூடு வெளியேற வழியில்லை. தனியாக நின்றால் தாங்குகிற கரண்டைக் கூட்டத்துக்குள் நின்றால் தாங்காது. தளர்வாகத்தான் கட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரற்கடை நீளம் கூடவும் விட்டார், நாளைக்கு ஒரு தலை கருகினால் வெட்டி மறுபடி கொடுக்க. பார்வைக்கு அது கொஞ்சம் சோம்பலாகத் தெரிந்தது. அதற்குப் பதிலாக அவர் நேரமெடுத்தது பெயர் எழுதுவதில். ஒவ்வொரு பிரேக்கருக்கும் நேரே ஒரு சின்னக் கடதாசி. "இது என்ன எண்டு எழுத?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குசினி. மோட்டர். விறாந்தை. ஏசி. ஒன்றுக்கு வந்தபோது நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "அம்மம்மா அறை" என்றோம், அம்மாவும் நானும். அம்மம்மா இந்த வீட்டில் இருந்ததே இல்லை. இடம்பெயர்ந்த இடத்திலேயே போய்விட்டா. அத்திவாரம் போட்டபோது, பழைய வீட்டில் அம்மம்மா படுத்த திசைக்கு நேராக வந்த அறை அது; ஐயா அப்படிச் சொல்லத் தொடங்கி அப்படியே நின்றுவிட்டது. தம்பி பேனையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு வேற ஆக்கள் வந்து பாத்தா விளங்கவேணுமே" என்றார். நல்ல கேள்வி. அந்தக் கடதாசி எங்களுக்கல்ல. எங்களுக்கு எது எதற்கு என்று தெரியும். அது பெட்டியைத் திறக்கப் போகிற, எங்களை அறியாத ஒருவருக்கு.

எங்கள் ஊரில் மலையில் ஒரு பாறை இருக்கிறது. கிரிகண்டு சைத்தியத்துக்கு ஏறுகிற வழியில், பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில் சமஸ்கிருதத்தில் வெட்டிய கல்வெட்டு. அந்தச் சைத்தியத்தைக் கட்டிய வணிகர் குழுக்கள் என்று திரபுசக, வல்லிக என்ற பெயர்கள் அதில் வருகின்றன. ஆயிரத்து இருநூறு வருடத்துக்கும் மேலான எழுத்து. சின்ன வயதில் அதன் மேல் கை வைத்துத் தடவியிருக்கிறேன். பகல் வெயில் ஏறி உள்ளங்கை சுட்டது. அது யாருக்குச் சொந்தமான எழுத்து என்று இன்றைக்குப் பலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் படுவது இன்னொன்று. கப்பலில் வந்து போகிற வியாபாரிகளின் பெயர், அவர்களை அறியாத ஒருவர் வந்து பார்ப்பார் என்பதுபோல அந்தக் கல்லில் நிற்கிறது. ஐயா இந்த ஊரை விட்டு ஓடியும் இந்த ஊருக்குத் திரும்பியும் வந்தவர். ஒரு வயரிலும் ஒரு எழுத்தும் எழுதி வைக்கவில்லை. தான் இருக்கப் போகிறோம் என்ற நம்பிக்கையா அது? இனி ஒருநாளும் இந்த வீட்டைத் திறந்து வேறொருவர் பார்க்கும் நிலை வராது என்ற உறுதியா? ஒருமுறை அப்படி விட்டுப்போன வீட்டைப் பார்த்தவர் அவர். எழுதி வைப்பது போகத் தயாராவது போல என்று அவருக்குப் பட்டிருக்கலாம். தம்பி எழுதுகிறபோது எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் பட்டது.

தம்பி கடைசியில் "அம்மம்மா அறை" என்றே எழுதினார். பக்கத்தில் அடைப்புக்குள் "வடக்கு" என்று சேர்த்தார்.

பெட்டியில் எங்கள் கை போகாத பகுதி ஒன்றும் உண்டு. மீற்றரும் அதற்கு மேலேயும் கரண்ட் தருகிறவர்களுடையது. அவர்களின் சீல் போட்டது, தொடக் கூடாது. மெயினை நிறுத்தினாலும் அதன் மேல்வாயில் கரண்ட் இருக்கும் என்பதைத் தம்பி இரண்டு தடவை எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார். அந்தப் பக்கத்தை நாங்கள் வெளியேயிருந்துதான் அறிவோம். கரண்ட் நின்றால் எங்கள் ஊரில் எவரும் முதலில் பெட்டியிடம் போவதில்லை. முற்றத்துக்கு வந்து அடுத்த வீட்டைப் பார்ப்பார்கள். அங்கே வெளிச்சம் இருந்தால் பிழை எங்கள் வீட்டில். இல்லையென்றால் ஒழுங்கை முனைவரை நடந்து அப்பால் பார்ப்பார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், எங்கும் இல்லை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுவதும் நின்றது என்று பிறகு அமைச்சர் சொன்னார். அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் வெளியே நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு விதமான ஆறுதலும் இருந்தது, பிழை எங்கள் வீட்டுக்குள் இல்லை என்று. கிணற்றடி லைட் ட்ரிப்பை விழுத்திய அன்றிரவு நான் முற்றத்துக்கு வந்து பார்த்தபோது அடுத்த வளவில் வீடே இல்லை. அதற்கு அப்பால், வயல்கரையில், தூரத்தில் ஒரு வீட்டில் வெளிச்சம் தெரிந்தது. பிழை எங்களுடையதுதான்.

கிணற்றடி லைட்டுக்கு இப்போது பெட்டியிலிருந்தே தனி லைன். மண்ணிறமும் நீலமும் எர்த்தும் ஒரே பைப்பில், தனக்கென்று ஒரு ஆறு அம்பியர் பிரேக்கரோடு. பழைய கறுப்பு வயரைச் சுவருக்குள்ளிருந்து இழுத்தெடுக்கப் பார்த்தார் தம்பி, வரவில்லை. ஐயா அதைப் பைப்பில் விடாமல் சுவரில் காடி வெட்டி வைத்துச் சீமெந்து பூசியிருந்தார். உடைத்து எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று அம்மா சொன்னா. இரண்டு தலையையும் வெட்டி, மூடி, உள்ளே தள்ளிவிட்டு, குசினி பிளக்குக்குப் பின்னால் ஒரு துண்டில் "பழைய வயர், கரண்ட் இல்லை" என்று எழுதி ஒட்டினோம். எழுதியது நான். யோகட் கோப்பை மட்டும் பழைய இடத்தில் இருக்கிறது. பொழுதுபட்டதும் அம்மா போய் அதைத் தூக்கிச் சுவிச்சைப் போடுவா. கிணற்றடி வெளிக்கும். மூன்று மாதத்தில் ஒருநாள்கூட ட்ரிப் விழவில்லை. ஆனாலும் போட்டதும் உடனே கிணற்றுக்குப் போவதில்லை. சுவிச்சில் விரலை வைத்தபடி திரும்பி, வீட்டுக்குள் வெளிச்சம் இருக்கிறதா என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டு நிற்கிறா.